மாமாவின் டக்கோட்டாவும் விண்டோஸ் 11-உம்

மதர்போட்டில் நான்கு கெப்பாசிட்டர்கள் வயிறு ஊதி நின்றன. ஒன்று மண்டை வெடித்துப் பழுப்பாய்ப் பசை கசிந்திருந்தது. மார்கழி மழையும் வந்து வந்து போகும் கரண்டும் சேர்ந்தால் 2010-இல் வாங்கிய மெஷின் என்னதான் செய்யும்? மாமாவுக்கு டோர்ச் அடித்துக் காட்டினேன். அவர் குனிந்தே பார்க்கவில்லை.

“மெஷின் போனாப் போகட்டும் மனே. என்ட பிளேனெல்லாம் வருமா?”

மாமா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடு வலையிறவுப் பக்கம். திமிலைதீவில் இருக்கும் மட்டக்களப்பு விமான நிலையத்துக்கு எப்போதாவது ஒரு செஸ்னா கரவான் இறங்கினால், பிளேன்டீயைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்துவிடுவார். மிச்ச நேரமெல்லாம், கொம்பியூட்டரில் விமானம் ஓட்டும் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ். எஃப்எஸ்எக்ஸ் என்று சுருக்கமாய்ச் சொல்லும் அந்தப் புரோகிராம் 2006-இல் வந்தது. அதற்கு மேல் அவர் பத்துப் பதினைந்து வருடமாய்ச் சேர்த்த ஆட்-ஒன்கள், அதாவது சிமுலேட்டரில் பிறகு சேர்க்கும் விமானங்களும் வண்ணங்களும்: காசு கொடுத்து வாங்கிய சிடிகள், இலவசமாய் இறக்கியவை, யாரோ பென் டிரைவில் கொண்டு வந்து கொடுத்தவை. எல்லாம் விண்டோஸ் 7-இல் ஓடியவை. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் ஆதரவு நின்றது மாமாவைத் தொடவே இல்லை. அந்த மெஷினுக்கு அவர் இன்டர்நெட்டே கொடுத்ததில்லை.

நான் கல்லடியில் கொம்பியூட்டர் திருத்துகிறவன். சிமுலேட்டர் எனக்குப் பழக்கமில்லை. ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை என்று நினைத்துத்தான் சரி சொன்னேன். பதினொரு நாள் எடுத்தது.

புது மெஷின் என்பது ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட பழசு. 8-ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், சுமாரான ஒரு கிராஃபிக்ஸ் காட். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டதால் திரும்பவும் அதைப் போட மனம் வரவில்லை. இன்டெல்லில் விண்டோஸ் 11-ஐ ஏற்கும் வரிசை பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. அந்தக் கணக்கில் இது தப்பியது. 11-ஐயே போட்டேன்.

நல்ல வேளையாகப் பழைய ஹாட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. யூஎஸ்பி கேபிளில் கொழுவி, முழு டிஸ்க்கையும் இன்னொன்றில் கொப்பி எடுத்து வைத்தேன். அந்த வேலையைத் தவிர முதல் இரண்டு நாளில் நான் செய்த எல்லாமே பிழை.

முதல் பிழை டிவிடி. மாமாவிடம் டீலக்ஸ் பெட்டி இருந்தது. அதை வைத்து இன்ஸ்டோல் செய்தேன். பெட்டியின் உள்மட்டையில் ஒட்டியிருந்த கீ நம்பரில் பாதியை வெள்ளிப்பூச்சி தின்றிருந்தது. பதிவு செய்யாத எஃப்எஸ்எக்ஸ் 30 நிமிடத்தில் நின்றுவிடும். இரணைமடுவுக்கும் போய்ச் சேர முடியாது என்று மாமா முகத்தைச் சுழித்தார். சரி, இது வேண்டாம் என்று ஸ்டீம் என்ற இணையக் கடையில் வரும் பதிப்பைப் போட்டேன். அது 2014 கடைசியில் வந்தது. இரண்டு சேர்விஸ் பெக்கும் எக்செலரேஷன் விரிவாக்கமும் உள்ளேயே இருக்கும். ஆனால் டிவிடியில் இருந்து போட்டதை முதலில் கழற்றவில்லை. கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஸ்டீம் பதிப்பு ஒரு மெஷினுக்குள் வரும்போது, அங்கே ஏற்கனவே பெட்டிப் பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் பெட்டிப் பதிப்பின் பெயரையும், விண்டோஸின் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் அதன் இடத்தையும் தானே எடுத்துக்கொள்ளும். இருந்தால் மரியாதையாய் ஒதுங்கி, எஃப்எஸ்எக்ஸ்-எஸ்இ என்று வால் வைத்த தனி ஃபோல்டர்களில் குடியேறும். ஆட்-ஒன் இன்ஸ்டோலர்களோ பெரும்பாலும் ஸ்டீம் பதிப்புக்கு முந்தியவை. அவற்றுக்கு இந்த வால் தெரியாது. ரெஜிஸ்ட்ரியில் 32-பிட் புரோகிராம்களுக்கான ‘வாவ்6432நோட்’ கிளைக்குள் போய், ஃபிளைட் சிமுலேட்டர் 10.0 என்ற இடத்தில் ‘செட்அப்பாத்’ என்ன சொல்கிறதோ அங்கே விமானத்தை இறக்கிவிட்டு, வெற்றி என்று ஒரு பெட்டி காட்டிவிட்டுப் போய்விடும்.

ஆறு ஆட்-ஒன் போட்டேன். ஆறுக்கும் வெற்றிப் பெட்டி வந்தது. சிமுலேட்டரைத் திறந்தால் ஒரு விமானமும் இல்லை. எல்லாம் யாரும் திறக்கப்போகாத டிவிடிப் பதிப்பின் ஃபோல்டருக்குள் வரிசையாய் நின்றன.

“உன்ட மெஷின் என்ட பிளேனைத் திண்டுட்டு,” என்றார் மாமா.

பெட்டிப் பதிப்பைக் கழற்றினேன். கழற்றியும் ரெஜிஸ்ட்ரியில் அதன் அடையாளம் போகவில்லை. ஆட்-ஒன்கள் போட்ட ஃபைல்கள் இருந்ததால் ஃபோல்டரும் போகவில்லை. ரெஜிஸ்ட்ரியை முதலில் ஒரு ஃபைலாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சம் கிடந்தவற்றைக் கையால் துடைத்து, ஸ்டீம் பதிப்பையும் கழற்றித் திரும்பப் போட்டேன், இந்தத் தடவை டி டிரைவில். வால் போய்விட்டது. செட்அப்பாத் இப்போது டி டிரைவைக் காட்டியது. மூன்றாம் நாள் இரவு அது.

அதற்குப் பிறகுதான் நிதானம் வந்தது. எந்த ஆட்-ஒன் விண்டோஸ் 11-இல் ஓடும், எது ஓடாது என்று கேட்பதே சரியில்லை என்று பட்டது. ஒரு ஆட்-ஒன் ஒரே பொருள் இல்லை. விமானத்தின் உருவம், அதன் மேல் பூசிய வண்ணம், பறக்கும் குணத்தைச் சொல்லும் ஃபைல், சத்தம், நிலக்காட்சி: இவையெல்லாம் வெறும் தரவு. சிமுலேட்டர் வாசித்தால் போதும். கீழே எந்த விண்டோஸ் என்று இவற்றுக்குத் தெரியாது. பெனலில் இருக்கும் கேஜ்களில், அதாவது மானிகளில், சில அப்படியில்லை. அவை ஓடும் புரோகிராம்கள். இன்ஸ்டோலர் இன்னொரு புரோகிராம், அநேகமாக விமானத்தை விடப் பழசு. சிலதற்கு லைசன்ஸ் பார்க்கிற ஒரு காவல்காரனும் இருப்பான். மாமாவின் இருபத்து மூன்று ஆட்-ஒன்களையும் ஒரு கொப்பியில் எழுதி, எது எந்த இடத்தில் மாட்டுகிறது என்று குறித்துக்கொண்டு போனேன். பதினான்கு ஒன்றும் கேட்காமல் ஏறின.

மாமா முதலில் கேட்டது டக்கோட்டாவை. எஃப்எஸ்எக்ஸுடன் கூடவே வரும் டிசி-3, அதாவது டக்கோட்டா, விமானத்துக்கு ஏர் சிலோன் வண்ணம் பூசிய ஒரு ரீபெயின்ட். ஏர் சிலோன் 1947-இல் மூன்று டக்கோட்டாக்களோடு தொடங்கிய கொம்பனி. முதல் பயணம் அந்த வருடம் டிசம்பர் 10, இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. மாமாவுக்கு அந்த மூன்றின் பெயரும் மனப்பாடம்: சீதா தேவி, விஹாரமகா தேவி, சுனேத்ரா தேவி.

ரீபெயின்ட் வெறும் படங்கள்தானே, கொப்பி பண்ணினால் வந்துவிடும் என்று நினைத்தேன். டெக்ஸ்சர் ஃபோல்டர் பழைய டிஸ்க்கில் இருந்தது. ஆனால் ‘எயார்கிராஃப்ட் டொட் சிஎஃப்ஜி’ ஃபைலில் ஏர் சிலோன் என்று ஒரு வரியும் இல்லை. அந்த வரிகள் இல்லாவிட்டால் சிமுலேட்டர் அந்த வண்ணத்தைப் பட்டியலில் காட்டாது. மாமாவோ பழைய மெஷினில் போன கிழமைவரை அதைப் பறந்ததாகச் சத்தியம் பண்ணினார்.

அரை நாள் தேடினேன். விண்டோஸ் விஸ்டாவில் இருந்து புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் சும்மா யாரும் எழுத முடியாது. பழைய 32-பிட் புரோகிராம் ஒன்று எழுதப் பார்த்தால், விண்டோஸ் அதைத் தடுப்பதற்குப் பதிலாக ஏமாற்றும்: ஃபைலை வேறு ஒரு இடத்தில் எழுதிவிட்டு, கேட்ட இடத்தில்தான் எழுதினேன் என்று சொல்லும். மாமா பாவித்த எடிட்டர் எக்ஸ்பி காலத்துச் சாமான். அவர் சேர்த்த வரிகள் இருந்தது யூசர்ஸ் ஃபோல்டருக்குள், அவர் பெயருக்குள், ஆப்டேட்டா, லோக்கல், ‘வெர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற மறைந்த ஃபோல்டரில். பழைய மெஷினில் இருந்து எஃப்எஸ்எக்ஸ் ஃபோல்டரை மட்டும் கொப்பி எடுத்து வைத்துக்கொண்டு டிஸ்க்கை ஃபோமட் அடிக்கிறவர்கள் இதை முதலில் பாருங்கள். நான் தொழிலாய்ச் செய்கிறவன். எனக்கே நினைவு வரவில்லை.

அந்த வரிகளை எடுத்துப் புது ஃபைலில் ஒட்டினேன். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ‘ஃபிளிட்சிம்’ என்று தொடங்கும் ஒரு பகுதி உண்டு. 0, 1, 2 என்று எண் ஒழுங்காய்ப் போக வேண்டும். நடுவில் ஒரு எண் விடுபட்டால் அதற்கு அங்கால் உள்ளவை வராது. மாமாவின் பகுதியில் 4 என்று இருந்தது, புது ஃபைலிலோ 4 ஏற்கனவே இருந்தது. மாற்றினேன். டெக்ஸ்சர் என்ற வரியில் உள்ள பெயரும் ஃபோல்டரின் வால் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாய் இருக்க வேண்டும். அவர் ஓரிடத்தில் இடைவெளி விட்டிருந்தார், அதையும் எடுத்தேன். திறந்தபோது வெள்ளித் தோலில் சிவப்புக் கோட்டோடு டக்கோட்டா ஓடுபாதையில் நின்றது. மாமா கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டார். அன்றைக்கு நான் மேலே வேலை செய்ய முடியவில்லை, இருக்கை அவரிடம் போய்விட்டது.

அடுத்தது ஒரு இரட்டை இன்ஜின் ஜெட். விமானம் பட்டியலில் வந்தது, வெளியே பார்த்தால் அழகு. உள்ளே போனால் பெனல் முழுக்கக் கறுப்பு. உயரமானி இல்லை, வேகமானி இல்லை, கண்ணாடிக்கு அங்கால் மட்டும் வானம்.

கேஜ் ஃபைல்களுக்கு ‘காவ்’ என்று ஒரு வால் இருக்கும். பெயர்தான் வேறு, உள்ளே அது விண்டோஸ் புரோகிராம் துண்டான சாதாரண டிஎல்எல். அது ஓட, அதைச் செய்தவர் பாவித்த கருவியின் ரன்டைம், அதாவது துணை ஃபைல்கள், மெஷினில் இருக்க வேண்டும். இந்த ஜெட்டுக்கு வேண்டியது விசுவல் சி++ 2005. என்னிடம் எல்லா வாடிக்கையாளருக்கும் போடுகிற ஒரு பெக்கேஜ் உண்டு, 2015-இல் இருந்து பிந்தியவை சேர்ந்தது. அதைப் போட்டுவிட்டு, புதியது பழையதற்கும் வேலை செய்யும் என்று இருந்தேன். செய்யாது. 2005-க்கு 2005-தான் வேண்டும், ஒவ்வொன்றும் பக்கத்தில் பக்கத்தில் தனியாய் இருக்கும். சரி என்று 2005-ஐத் தேடி 64-பிட் பதிப்பைப் போட்டேன், விண்டோஸ் 64-பிட் தானே என்ற துணிவில். பெனல் இன்னும் கறுப்பு. எஃப்எஸ்எக்ஸ் எந்த விண்டோஸில் ஓடினாலும் 32-பிட் புரோகிராம்தான். அதற்குள் ஏறும் கேஜும் 32-பிட். ஆகவே ரன்டைமும் எக்ஸ்86 பதிப்பாய் இருக்க வேண்டும். அதைப் போட்டதும் பாதிப் பெனல் எரிந்தது.

மிச்சப் பாதிக்கு விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். சிமுலேட்டர்காரர்கள் பலர் இதைப் பார்ப்பதில்லை; பார்த்தால் பாதித் தலையிடி குறையும். அப்ளிகேஷன் பதிவுகளில் சிவப்புக் குறியோடு ‘சைட்பைசைட்’, எண் 33. உள்ளே, வேண்டிய சாமான் ‘மைக்ரோசொஃப்ட் டொட் ஃபிளைட்சிமுலேட்டர் டொட் சிம்கனெக்ட்’, பதிப்பு 10.0.61242.0, அது கிடைக்கவில்லை என்று வெளிப்படையாய் எழுதியிருந்தது.

சிம்கனெக்ட் என்பது வெளியில் இருந்து வரும் ஆட்-ஒன் சிமுலேட்டரோடு கதைக்கும் வாசல். எஃப்எஸ்எக்ஸ் காலத்தில் அது மூன்று பதிப்பாய் வந்தது: முதல் வெளியீட்டோடு 60905, முதல் சேர்விஸ் பெக்கோடு 61242, இரண்டாவதோடும் எக்செலரேஷனோடும் 61259. ஆட்-ஒன் எதைப் பார்த்துச் செய்யப்பட்டதோ அதைத்தான் கேட்கும். தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்டீம் பதிப்பில், ஆட்-ஒன் செய்கிறவர்களுக்கான எஸ்டிகே ஃபோல்டருக்குள், சிம்கனெக்ட்டுக்குக் கீழே ‘லெகசி இன்டர்ஃபேசஸ்’ என்று ஒன்று கிடக்கிறது. மூன்றுக்கும் மூன்று இன்ஸ்டோலர். மூன்றையும் ஓட்டினேன். ஒவ்வொன்றும் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது, எதுவும் சொல்லவில்லை. ஜெட்டின் பெனல் முழுக்க வெளிச்சம்.

“லைட் வந்துட்டு,” என்றார் மாமா. அந்த நேரம் பார்த்து வீட்டில் கரண்ட் போனது. யூபிஎஸ் கீச்சிட, நான் ஓடிப்போய் மெஷினை நிறுத்தினேன்.

மூன்றாவது வகை, இன்ஸ்டோலரே திறக்காதது. 2003-இல், எஃப்எஸ்எக்ஸுக்கு முந்திய சிமுலேட்டரான எஃப்எஸ்2004-க்காக வந்த ஒரு சிடி. டபிள் கிளிக் செய்தால், இந்த அப் உங்கள் பிசியில் ஓடாது என்று ஒரு நீலப் பெட்டி வரும். கொம்பாட்டிபிலிட்டி மோடில் எக்ஸ்பி என்று தெரிவு செய்தாலும் அதே பெட்டி. காரணம், உள்ளே இருந்த இன்ஸ்டோலர் 16-பிட். 64-பிட் விண்டோஸ் எதுவும் 16-பிட் புரோகிராமை ஓட்டாது. விண்டோஸ் 10 வரைக்கும் 32-பிட் பதிப்பு என்று ஒரு பக்க வழி இருந்தது. விண்டோஸ் 11-க்கு அதுவும் இல்லை.

பழைய சோற்றைப் பழைய சட்டியில்தான் சூடாக்க வேண்டும். மெஷினுக்குள் இன்னொரு மெஷினைப் போல ஓட்டும் வெர்ச்சுவல்பொக்ஸில் 32-பிட் எக்ஸ்பி ஒன்றை எழுப்பினேன். அங்கே இன்ஸ்டோலர் திறந்தது, ஆனால் எஃப்எஸ்2004 எங்கே என்று கேட்டது. எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. ஒரு வெறும் ஃபோல்டர் செய்து, நோட்பேடில் ஒன்றும் எழுதாத ஒரு ஃபைலை, எஃப்எஸ்2004-இன் புரோகிராம் பெயரான ‘எஃப்எஸ்9 டொட் இஎக்ஸ்இ’ என்று பெயர் மாற்றி உள்ளே வைத்தேன். பூச்சியம் பைட் நிறையுள்ள சிமுலேட்டர். இன்ஸ்டோலர் திருப்தியாகி எல்லாவற்றையும் கொட்டியது. அதை வெளியே எடுத்து, எஃப்எஸ்2004-இன் எயார்கிராஃப்ட் ஃபோல்டரில் இருந்ததை எஃப்எஸ்எக்ஸின் சிம்ஒப்ஜெக்ட்ஸ், எயார்பிளேன்ஸுக்குள்ளும், கேஜ்களைக் கேஜஸ் ஃபோல்டருக்குள்ளும் பிரித்து வைத்தேன். ஓடியது. ஒரு குறை: காற்றாடி சுற்றும் வட்டத்துக்குள்ளால் பார்த்தால் மேகங்கள் காணாமல் போகின்றன. அது விண்டோஸின் குற்றமில்லை. பழைய சிமுலேட்டருக்குச் செய்த விமானத்தை எஃப்எஸ்எக்ஸில் ஏற்றினால் வரும் பழைய வியாதி.

அப்படியானால் எஃப்எஸ்2004-ஐயே போடலாமே என்றார் மாமா. அதன் நான்கு சிடியும் அவரிடம் உண்டு. அது சேஃப்டிஸ்க் என்ற பூட்டோடு வந்தது. அந்தப் பூட்டைத் திறக்கும் டிரைவரை விண்டோஸ் 10-இல் இருந்தே எடுத்துவிட்டார்கள். 2015 செப்டெம்பரில் பழைய விண்டோஸ்களிலும் ஒரு அப்டேட் மூலம் முடக்கினார்கள். பாதுகாப்பு ஓட்டை அது. சிடி நல்லாய்த்தான் இருக்கிறது, கேட்கிற ஆள்தான் வீட்டில் இல்லை என்று சொன்னேன்.

இருபத்து மூன்றில் ஒன்று மட்டும் வரவே இல்லை. காசு கொடுத்து வாங்கிய ஒரு பெரிய ஏர்லைனர். இன்ஸ்டோலர் ஓடியது, கேஜ்கள் ஏறின, கடைசியில் லைசன்ஸைச் சரிபார்க்க ஒரு சேர்வரைக் கூப்பிட்டது. அந்தச் சேர்வர் இப்போது இல்லை. விமானத்தின் ஒவ்வொரு ஃபைலும் கையில் இருக்க, பறக்க முடியவில்லை. மாமாவுக்கு அதில்தான் கோபம். எனக்கும்தான்.

கனடாவில் இருக்கும் மச்சான் வீடியோ கோலில் வந்து, ஏன் இந்தப் பாடு, 2020-இல் வந்த புதுச் சிமுலேட்டரை, இல்லாவிட்டால் 2024-ஐப் போட்டுக் கொடு என்றான். அவன் சொல்வதிலும் ஞாயம் உண்டு. புதியவற்றில் ஆட்-ஒன்னைக் கொம்யூனிட்டி என்ற ஒரு ஃபோல்டரில் போட்டால் போதும், எடுத்தால் போய்விடும். கேஜ்களும் விண்டோஸ் டிஎல்எல்லாய் இல்லாமல் சிமுலேட்டருக்குள்ளேயே அடங்கி ஓடுகின்றன. எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டர் இன்னொரு வழியில் போகிறது: விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே பிளகினை மூன்று ஃபைலாகச் செய்து ஒரு ஃபோல்டரில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் மாமாவின் ஜெட்டின் கேஜ் 32-பிட். 64-பிட் சிமுலேட்டர் எதற்குள்ளும் அது ஏறாது, விண்டோஸ் எதுவாய் இருந்தாலும். லொக்ஹீட் மார்ட்டினின் பிரிபேர்3டி சிமுலேட்டர் 2017-இல் 4-ஆம் பதிப்போடு 64-பிட்டுக்கு மாறியபோதே பலருக்கு இது நடந்தது. அதோடு, நிலக்காட்சியை இன்டர்நெட்டில் இருந்து இறக்கிக்கொண்டே ஓடும் சிமுலேட்டருக்கு மாமா டேட்டா காசு கட்டுவாரா? அவர் போனுக்கே மாதக் கடைசியில்தான் காட் போடுகிறவர்.

கடைசி வேலை ஜொய்ஸ்டிக். பறந்துகொண்டிருக்கும்போது டொங் என்று ஒரு சத்தம், கைபிடி செத்துவிடும். கழற்றிச் செருகினால் உயிர் வரும். டிவைஸ் மெனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றுக்கும் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை நிறுத்தலாம் என்ற பெட்டியில் இருந்த சரியை எடுத்தேன். சத்தம் நின்றது. ஆனால் சுக்கான் தானாய் இடப்பக்கம் இழுத்தது. அது சொஃப்ட்வெயார் இல்லை என்று திறந்து பார்த்ததும் தெரிந்தது: உள்ளே இருந்த சுழல் தடையில் பச்சைப் பாசி போல உப்பு. வாவிக்கரைக் காற்று. கொன்டாக்ட் கிளீனர் இரண்டு தடவை அடித்து, முன்னும் பின்னும் ஐம்பது தரம் திருப்பினேன். முழுக்கப் போகவில்லை. கைபிடியின் சின்ன அசைவைக் கணக்கில் எடுக்காத நல் ஸோனைக் கொஞ்சம் கூட்டி விட்டேன்.

பதினோராம் நாள் பின்னேரம் மாமா டக்கோட்டாவை மட்டக்களப்பில் ஓடுபாதை 06-இல் நிறுத்தி இரண்டு இன்ஜினையும் எழுப்பினார். எஃப்எஸ்எக்ஸின் மட்டக்களப்பில் கல்லடிப் பாலமும் இல்லை, மணிக்கூட்டுக் கோபுரமும் இல்லை. நீலமாய் ஒரு வாவி, பச்சையாய் நிலம், அவ்வளவுதான். எழும்பி இடப்பக்கம் கிறுகி, வாவியின் மேலால் தாழப் போனார்.

“இதுக்குக் கீழதான் மனே இப்ப நம்மட வீடு,” என்று திரையில் வெறும் பச்சையைத் தொட்டுக் காட்டினார்.

நான் மற்ற மேசையில் டி டிரைவை முழுசாய் வெளி டிஸ்க்குக்கு கொப்பி போட்டுக்கொண்டிருந்தேன், ரெஜிஸ்ட்ரி ஃபைலும் வெர்ச்சுவல்ஸ்டோரும் சேர்த்து. எழுபத்து நாலு வீதத்தில் திரும்பவும் கரண்ட் போனது.